அழிந்துபோன ஒரு சிறு கோடு

எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸ் வரிசையின் ஓரத்தில் நின்று பாடுவது. அதில் நான் வந்தாலும் வராவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது கொயர் மாஸ்டரின் கருத்து; வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். மற்றொன்று, நைந்துபோன பழைய பாட்டுத் தாள்களைக் கணினியில் ஏற்றிப் புதிதாக அச்சடித்துக் கொடுப்பது. இந்த இரண்டாவது வேலையில்தான் அந்தச் சங்கதி நடந்தது. ஒரு பாட்டின் 11ஆவது பாரில் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று), பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ வரியில், நாலாவது தட்டு. அந்த ஒரு தட்டில் குரல் இருக்க வேண்டுமா, இருக்கக் கூடாதா? மூன்று கிறிஸ்துமஸ் தாண்டிவிட்டது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

தாள் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைலில் எடுத்த பிரதி; அதன் ஜெராக்ஸ்; அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோ, ஆல்டோ, ஆண்களின் உயர்ந்த குரலான டெனர், பேஸ் என நாலு குரலும் ஒன்றன்கீழ் ஒன்றாக சோல்ஃபாவில் எழுதப்பட்டிருந்தன. டோ, ரே, மீ என்பவற்றின் முதலெழுத்துகளே அதில் சுரங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கிவைத்ததை ஜான் கர்வென் என்ற போதகர் செப்பனிட்டுப் பரப்பிய முறை அது. ஐந்து கோடு போட வேண்டாம், முட்டை முட்டையாக வரைய வேண்டாம். ஒரு தட்டச்சுப் பொறி இருந்தால் நாலு குரல் பாட்டையும் அடித்துவிடலாம். காலக் கணக்கு முழுவதையும் நிறுத்தக் குறிகளே பார்த்துக்கொள்கின்றன. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே முக்காற்புள்ளி. ஒரு தட்டை இரண்டாகப் பிளக்க முற்றுப்புள்ளி, நாலாகப் பிளக்கக் காற்புள்ளி. சுரம் அடுத்த தட்டுக்கும் நீண்டால் ஒரு சிறு கோடு. பாடாமல் நிறுத்த வேண்டுமென்றால் அங்கே ஒன்றும் எழுத வேண்டியதில்லை. வெறுமனே இடம் விட்டுவிட்டால் போதும்.

கடைசி வாக்கியத்தை நான் அப்போது இரண்டாம் முறை படித்திருக்க வேண்டும். நீட்டலுக்கு ஒரு கோடு, மௌனத்துக்கு ஒரு வெற்றிடம். கர்வெனின் காலத்து ஈய அச்சில் இது அழகான ஏற்பாடு. மூன்றாம் தலைமுறை ஜெராக்ஸில், அழிந்துபோன கோடும் எழுதப்படாத மௌனமும் பார்வைக்கு ஒன்றேதான்.

எழுதினால்தான் மௌனம்

நான் பயன்படுத்துவது லிலிபாண்ட். 1996இல் ஹான்-வென் நீன்ஹாவ்ஸ், யான் நியூவென்ஹாவ்சன் என்ற இரண்டு நெதர்லாந்துக்காரர்கள் தொடங்கிய இலவச மென்பொருள். சுட்டியால் நோட்டுகளை இழுத்துக் கோட்டில் உட்காரவைக்கும் வேலை இதில் கிடையாது. சாதாரண எழுத்துக் கோப்பில் இசையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். மென்பொருள் அதைப் படித்து ஐந்து கோட்டுத் தாளாக வரைந்து கொடுக்கும். சுரத்தின் எழுத்து, பக்கத்தில் அதன் கால அளவைச் சொல்லும் எண். முழுதானது 1, அதில் பாதி 2, கால் 4, அரைக்கால் 8. எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் ஒன்றரை மடங்கு. பியானோ பரீட்சைக்குப் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு இவை செமிபிரீவ், மினிம், கிராட்செட், குவேவர். அந்தப் பிரிட்டிஷ் பெயர்களில் கணக்கு ஒளிந்துகொண்டிருக்கும்; எண்ணில் அது பட்டவர்த்தனமாக நிற்கிறது. நான் கணக்குப் பிள்ளை, எனக்கு எண்தான் பிடித்தது.

ரெஸ்ட்டுக்கு, அதாவது பாடாமல் விடும் ஓய்வுக்கு, ஆங்கிலச் சின்ன ஆர். அதற்கும் பக்கத்தில் எண் வேண்டும். அதாவது லிலிபாண்டின் கண்ணில் ரெஸ்ட் என்பது உயரம் இல்லாத ஒரு சுரம். கால அளவு மட்டும் உண்டு. வெற்றிடத்துக்கு அங்கே மதிப்பே இல்லை. இரண்டு சுரங்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி விட்டாலும், நூறு விட்டாலும், வரியை உடைத்து அடுத்த வரிக்குப் போனாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். பாடாமல் இருக்கும் நேரத்தையும் நாம் எழுதியாக வேண்டும். எழுதாத நேரம் நடக்காத நேரம்.

அந்த 11ஆவது பாருக்கு வருகிறேன். நாலு தட்டுத் தாளம். சொப்ரானோவுக்கும் டெனருக்கும் ஒரு சுரம், மூன்று கோடுகள்: நாலு தட்டும் இழுக்க வேண்டும். பேஸுக்கு ஒரு சுரம், இரண்டு கோடுகள், பிறகு காலி: மூன்று தட்டு பாடி நாலாவதில் மூச்சு. ஆல்டோவுக்கும் ஒரு சுரம், இரண்டு கோடுகள், பிறகு காலி. பேஸ் மாதிரியே ஆல்டோவும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம், யோசிக்கவே இல்லை. ஆல்டோவின் அந்தச் சுரத்துக்கு ஆங்கில எழுத்து ஈ. ஆகவே ஈ, 2, புள்ளி. அடுத்து ஆர், 4. மூன்று தட்டுச் சுரமும் ஒரு தட்டு ரெஸ்ட்டும். அடித்து முடித்து, தூயவெள்ளைத் தாளில் 40 பிரதி எடுத்துக் கட்டிக்கொண்டு சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போனேன்.

மாஸ்டர் 11ஆவது பாரில் கையை இறக்கிவிட்டார். ஆர்மோனியமும் நின்றது. "ஆல்டோ, ஏன் விட்டீர்கள்? கார்டு ஓட்டையாகக் கேட்கிறது." கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. ஆல்டோவுக்கு அங்கே வருவது மீ, கார்டின் இனிமையே அந்தச் சுரத்தில்தான் இருக்கிறது. முன்வரிசையில் இருந்த பெரிய அக்கா, நாற்பது ஆண்டுகளாக இந்தப் பாட்டைப் பாடுகிறவர், தான் விடவே இல்லை என்றார். உண்மை, அவர் தாளைப் பார்த்துப் பாடுகிறவர் இல்லை. பின்வரிசைக் கல்லூரிப் பெண் ஒருத்தி, "தாளில் ரெஸ்ட் இருக்கிறதே, அக்கா" என்று நீட்டினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பழைய தாள்களை வரவழைத்தோம். ஒருவருடைய பைபிளுக்குள், இன்னொருவரின் பீரோவில், பயிற்சி அறை அலமாரியில் என ஆறேழு பிரதிகள் கிடைத்தன. எல்லாம் ஒரே தாய்ப் பிரதியின் பிள்ளைகள். எல்லாவற்றிலும் அந்த இடம் காலி. ஒன்றில் மட்டும் ஒரு மங்கல் தடம், அதுவும் மடிப்பு விழுந்த ரேகையாக இருக்கலாம். பேஸ் வரியின் காலியிடம் சுத்தமான காலி என்றும், ஆல்டோ வரியின் காலியிடம் கொஞ்சம் அழுக்கான காலி என்றும் ஒருவர் வாதாடினார். நான் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். வெற்றிடத்தில் என்ன வித்தியாசம் தெரியும்?

என்னை உறுத்தியது பிழையல்ல. அதுவரை அந்தக் காலியிடம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. நாற்பது ஆண்டுகளாகச் சிலர் இழுத்திருக்கிறார்கள், சிலர் மூச்சு விட்டிருக்கிறார்கள், பதினைந்து ஆல்டோக்கள் கலந்து பாடும்போது குரல் தானே நிரம்பியிருக்கிறது. நான் அதை அச்சில் ஏற்றியதும், வளைந்து நெளிந்த அந்தக் கிராட்செட் ரெஸ்ட் கருகருவென்று வந்து உட்கார்ந்துவிட்டது. என் சந்தேகம் தாளில் சட்டமாகிவிட்டது. சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது, என் அசட்டை.

இதற்கும் லிலிபாண்டில் வழி இருக்கிறது. ஒரு குறியை அடைப்புக்குறிக்குள் போட்டு அச்சிடலாம். பழைய சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள், இது எங்கள் ஊகம் என்று காட்டச் செய்வதுதான். அடுத்த வாரம் ரெஸ்ட்டை அடைப்புக்குறிக்குள் வைத்து ஒரு பிரதி எடுத்து மாஸ்டரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடைப்புக்குறிக்குள் எப்படிப் பாடுவது, தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. பெரிய அக்கா பாடுவதே பாடம், இழுத்துவிடு என்று தீர்ப்பானது.

கோப்பின் ஞாபகம்

இரண்டு விசை தட்டும் வேலை என்று நினைத்தேன். ஈக்குப் பக்கத்தில் இருந்த 2ஐயும் புள்ளியையும் அழித்து 1 போட்டேன். அடுத்திருந்த ஆர்4ஐ நீக்கினேன். மென்பொருளை ஓட்டினேன். ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் தாள் வந்தது. ஒலிக்கோப்பையும் உருவாக்கி, ஆல்டோக்களின் வாட்ஸாப் குழுவுக்கு இரவு பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் பெரிய அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி: "தம்பி, எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு நாங்கள் மட்டும் மூன்று பார் தனியாகப் பாடுகிறோமே, அது புது ஏற்பாடா?"

லிலிபாண்ட் தெரிந்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் எண் எழுத வேண்டியதில்லை. ஒரு முறை 4 என்று எழுதினால், வேறு எண் வரும்வரை பின்னால் வரும் எல்லாமே 4தான். தட்டச்சு பாதியாகக் குறையும். வரி படிக்கவும் இதமாக இருக்கும். ரெஸ்ட்டும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. என் கோப்பில் 12ஆவது பார் ஜி ஜி ஏ ஜி என்று எண்ணே இல்லாமல் இருந்தது. அந்த நாலு சுரங்களும் கிராட்செட்டுகளாக இருந்ததற்கு ஒரே காரணம், அவற்றுக்கு முன்னால் நின்ற அந்த ஆர்4. மௌனத்தை அழித்தேன்; அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நாலு சுரங்களும் அதற்கு முந்தியிருந்த 1இன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பார் நீளத்துக்குப் படுத்துவிட்டன. ஒரு பாரில் முடிய வேண்டியது நாலு பார் ஆனது. மிச்சப் பாட்டு முழுவதும் மூன்று பார் தள்ளிப்போனது.

எச்சரிக்கை ஏன் வரவில்லை என்பதுதான் இதில் ருசியான பகுதி. கோப்பில் ஒவ்வொரு பாரின் முடிவிலும் ஒரு செங்குத்துக் கோடு போடும் பழக்கம் எனக்கு உண்டு. தாளில் அச்சாகும் பார்க்கோடு அதுவல்ல. அதைத் தாளக் கணக்கிலிருந்து லிலிபாண்ட் தானே வரைந்துகொள்ளும். நாம் போடும் கோடு ஒரு சோதனை மட்டுமே: இந்த இடத்தில் பார் முடிந்திருக்க வேண்டும், முடிந்ததா பார் என்று கேட்பது. அரைத் தட்டு மிஞ்சியிருந்தாலும் உடனே முறையிடும். நாலு செமிபிரீவ்கள் நாலு பாரை இம்மி பிசகாமல் நிரப்பிவிட்டன. கோடு வந்த இடத்தில் ஒரு பார் உண்மையாகவே முடிந்திருந்தது. அது எத்தனையாவது பார் என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை. சுருதி சேர்ந்த பொய் என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு உண்டு. இது தாளம் சேர்ந்த பொய்.

அதன்பின் ஒரு வாரம், கால அளவு தானாகத் தொடரும் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குக் கடும் கோபம். ஞாபகமே இல்லாத முறை ஒன்று வேண்டும் என்று ஏபிசி குறிப்பு முறையைத் தேடிப் போனேன். கிறிஸ் வால்ஷா என்ற இங்கிலாந்துக்காரர் உருவாக்கியது. நாட்டுப்புற மெட்டுகளைப் பரிமாறிக்கொள்பவர்களின் செல்லப்பிள்ளை. அதில் கோப்பின் தலைப்பகுதியில் அடிப்படை அளவு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், எட்டில் ஒன்று என்பது போல. வெறும் எழுத்து என்றால் அந்த அளவு. பக்கத்தில் 2 என்றால் இரட்டிப்பு. முன்னால் வந்த சுரம் எது என்ற கவலை எதற்கும் இல்லை. ஒன்றை அழித்தால் அது மட்டும்தான் போகும். நிம்மதியாக இருந்தது, அடிப்படை அளவைச் சொல்ல மறந்துபோன நாள் வரை. சொல்லாவிட்டால் அது தாளத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளும்: தாளப் பின்னத்தின் மதிப்பு முக்காலுக்குக் குறைந்தால் பதினாறில் ஒன்று, முக்காலோ அதற்கு மேலோ என்றால் எட்டில் ஒன்று. நாலுக்கு நாலு என்று இருந்த ஒரு மெட்டை இரண்டுக்கு நாலு என்று மாற்றினேன். பாட்டு முழுவதும் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஞாபகம் இல்லாதது என்று நம்பிப் போனால், அது ஞாபகத்தைத் தலைப்பகுதியில் ஒளித்துவைத்திருந்தது.

திரும்பி வந்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு பாரின் முதல் சுரத்துக்கும் எண் எழுதிவிடுகிறேன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். எந்தப் பாரையும் அழிக்கலாம், வெட்டி வேறிடத்தில் ஒட்டலாம், பக்கத்துப் பாருக்கு ஆபத்து இல்லை. இதைப் பழகிய யாரும் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு ஒரு வாட்ஸாப் குழுவின் முன்னால் அவமானப்பட்டால்தான் ஏறும்.

யாருடைய மௌனம்

அந்தப் பாட்டு முடிந்த பிறகும் ரெஸ்ட் என்னை விடவில்லை. அடுத்த பாட்டில் சொப்ரானோவும் ஆல்டோவும் ஒரே ஐந்து கோட்டில். இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தும் இடங்களில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ரெஸ்ட் குறிகள் அச்சாகி, தாள் கொசு அடித்த சுவர் மாதிரி இருந்தது. இதற்கு எளிய வைத்தியம், ஒரு குரலில் ஆருக்குப் பதிலாக எஸ் போடுவது. எஸ் என்றால் காலம் போகும், தாளில் ஒன்றும் வராது. ஆல்டோவின் ரெஸ்ட்டுகளை எல்லாம் எஸ் ஆக்கினேன். தாள் பளிச்சென்று ஆனது. பிறகு ஆல்டோவுக்கு மட்டும் தனித் தாள் எடுத்தேன், அதே கோப்பிலிருந்து. அவர்கள் கைக்குப் போனது ஆங்காங்கே ஒன்றுமே இல்லாத பார்கள் கொண்ட ஒரு தாள். அச்சுப் பொறியில் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து, ஒரு அக்கா பரிதாபப்பட்டு மைக்குப் பணம் கொடுக்க வந்தார்.

மறுபடியும் அதே வெற்றிடம், இந்த முறை நானே செய்தது. ஆல்டோவின் மௌனத்தை சொப்ரானோவின் மௌனத்துக்குள் ஒண்டவைத்திருந்தேன். ஒன்றாக இருக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. பிரித்ததும் ஆல்டோவிடம் சொந்தமாக ஒரு ரெஸ்ட்கூட இல்லை. மௌனத்துக்கும் உடைமைக்காரர் உண்டு என்று அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. இருவர் சேர்ந்து சும்மா இருப்பது இரண்டு பேருடைய சும்மா. ஒலிக்கோப்பில் இந்தப் பேதம் எதுவும் கேட்காது. ஒலிக்கோப்பு எழுதப்படுவது மிடி என்ற கணினி இசைத் தரத்தில்; 1983இல் வந்த அந்தத் தரத்தில் ரெஸ்ட் என்று ஒரு கட்டளையே கிடையாது; சுரம் தொடங்கியது, சுரம் நின்றது, நடுவில் எவ்வளவு நேரம், அவ்வளவே. வாட்ஸாப்பில் கேட்டுப் பழகுகிற பிள்ளைகளுக்கு எஸ்ஸும் ஆரும் ஒன்று.

மூன்றாவதாக ஒரு மௌனம் இருக்கிறது, பெரிய ஆர். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால், இதை வாயால் சொல்லிக் கொடுக்கும்போது நான் படுகிற பாடு தனிக்கதை. சின்ன ஆர் பாருக்குள் வரும் ஓய்வு. பெரிய ஆர் முழுப் பாரும் உனக்கு வேலை இல்லை என்பது. முக்காலுக்கு, அதாவது மூன்று தட்டுப் பாருக்கு, சின்ன ஆரில் 2ம் புள்ளியும் எழுதினால் புள்ளி வைத்த மினிம் ரெஸ்ட் பாரின் தொடக்கத்தில் அச்சாகும். கணக்குச் சரி, பார்க்க ஆபாசம். பெரிய ஆரில் அதையே எழுதினால், நாலாவது கோட்டிலிருந்து தொங்கும் செமிபிரீவ் ரெஸ்ட் பாரின் நட்டநடுவில் வந்து நிற்கும். மூன்று தட்டுப் பாருக்கு நாலு தட்டுக் குறி எப்படி என்று கணக்குப் பிள்ளையான நானே முதலில் சண்டை போட்டேன். அந்த இடத்தில் அது எண்ணிக்கையைச் சொல்லவில்லை. பார் முழுவதும் ஓய்வு என்று மட்டும் சொல்கிறது. மேற்கத்தியக் குறிப்பில் பழைய மரபு அது.

டெனருக்கு ஒரிடத்தில் தொடர்ந்து ஏழு பார் வேலை இல்லை. ஏழு பாரையும் தனித்தனியாக அச்சிடாமல் சுருக்கச் சொல்லி லிலிபாண்டுக்கு ஒரு கட்டளை கொடுத்தேன். பாருக்குள் ஒரு தடித்த நெட்டைக் கட்டை, அதைவிடக் குட்டைக் கட்டை ஒன்று, ஒரு செமிபிரீவ் ரெஸ்ட், மேலே 7 என்ற எண். டெனர் அண்ணன் ஒருவர் இது என்ன படிக்கல்லா என்று கேட்டார். கையேட்டைப் புரட்டினால் இதற்குப் பெயர் சர்ச் ரெஸ்ட். பத்து பார் வரைக்கும் இப்படித்தான் போடும், அதற்கு மேல் போனால் ஒரே தடித்த கோடும் எண்ணும். சர்ச்சில் இருக்கிற எங்களில் ஒருவருக்கும் சர்ச் ரெஸ்ட் படிக்கத் தெரியவில்லை. நெட்டைக் கட்டை நாலு பார், குட்டைக் கட்டை இரண்டு, மற்றது ஒன்று.

அந்தக் கட்டைகளின் பெயரைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் எனக்கு இந்த முழு விவகாரத்திலும் பிடித்த பகுதி. நெட்டைக்கு லோங்கா, குட்டைக்கு பிரீவ். இலத்தீனில் நீளம், குட்டை. ஐரோப்பாவில் சுரத்தின் கால அளவை வடிவத்தால் காட்டத் தொடங்கிய காலத்துப் பெயர்கள் அவை. செய்யுளின் நெட்டசை குற்றசையிலிருந்து வந்தவை. நெடில், குறில்! செமிபிரீவ் என்றால் அரைக் குறில். இன்று சாதாரணமாக எழுதும் சுரங்களில் நீண்டதற்கு அரைக் குறில் என்று பெயர், பெயர் வைத்தவர்கள் இருந்த காலத்தைவிட இசைக் குறிப்பு அவ்வளவு பொடிப்பொடியாகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலோன் நகரத்து ஃபிராங்கோ இந்த அளவு முறையை வகுத்து எழுதியபோது, காலம் என்பது ஒலித்த குரலுக்கு மட்டுமல்ல, விடப்பட்ட குரலுக்கும் அளவுதான் என்று வரையறுத்தார். சுரத்துக்கு எத்தனை அளவோ அத்தனை அளவு ரெஸ்ட்டுக்கும், கோட்டின் நீளத்தால். லிலிபாண்டின் சின்ன ஆர் அந்த வழிவந்த பேரப்பிள்ளை. கர்வெனின் காலியிடத்துக்கு அங்கே பாட்டன் இல்லை.

காற்புள்ளி

மாடி வீட்டில் ஒரு வயலின் டீச்சர் இருக்கிறார். என் சிக்கலைச் சொன்னபோது, எங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள் என்று ஒன்றை எடுத்து நீட்டினார். கர்நாடக இசையில் குறிலெழுத்து சுரம் ஓர் அளவு, நெடில் இரண்டு. ச ஒன்று, சா இரண்டு. அதற்கு மேலும் நீள வேண்டுமானால் காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு. நம் மொழி நிறுத்தக் குறிகளுக்கே காலளவில் பெயர் வைத்திருக்கிறது. கால், அரை, முக்கால், முற்றும். அந்த விகிதம் சுர நோட்டிலும் பொருந்துவதைப் பார்த்து எனக்கு அநியாய சந்தோஷம்.

"இந்தக் காற்புள்ளியில் குரல் நீள்கிறதா, நிற்கிறதா, டீச்சர்?" என்று கேட்டேன். பாடிப் பார்த்தால் தெரியும் என்றார். அது பதிலா என்று யோசிப்பதற்குள் ஒரு கீர்த்தனையின் தொடக்கத்தைக் காட்டினார். அரை இடத்தில் எடுப்பு; தாளம் தொடங்கிய பிறகு சற்று விட்டுத்தான் பாட்டு வரும். அதனால் வரியின் முதலில் எழுத்தே இல்லாமல் ஓர் அரைப்புள்ளி. அதற்கு முன்னால் சுரம் இல்லை, நீட்ட எதுவும் இல்லை, ஆகவே அது மௌனம். அதே குறி வரியின் நடுவில் ஒரு சுரத்துக்குப் பின்னால் வந்தால் கார்வை, அதாவது அந்தச் சுரத்தின் நீட்டல். ஒரே குறி, முன்னால் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அது நாதமாகவோ மௌனமாகவோ ஆகிறது. நடுவில் வருவதிலும் வீணையில் மீட்டிவிட்ட நாதம் தானே தேய்ந்து போகும். எந்த நொடியில் கார்வை முடிந்து மௌனம் தொடங்கியது என்று யார் கோடு கிழிப்பது என்று கேட்டார். 1893இல் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பியக் கோட்டுக் குறிப்பில் அச்சிட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இது நீட்டலா, ரெஸ்ட்டா என்ற கேள்வி அவர் மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கத்து முறை அதைக் கேட்பதே இல்லை, அந்தப் பக்கத்து முறை கேட்காமல் விடாது.

டீச்சருக்குத் தன் முறையில்தான் நம்பிக்கை. குரு பாடிக் காட்டுவார், புத்தகம் வெறும் ஞாபகத்துக்கு என்றார். எங்கள் பெரிய அக்காவும் அதைத்தான் சொல்கிறார், வேறு வார்த்தைகளில். என் கட்சி வேறு. அக்கா இருக்கும்வரை காலியிடம் போதும். அக்கா வராத சனிக்கிழமை பின்வரிசைப் பெண்ணுக்கு யார் சொல்வது? அவளுக்காகவாவது மௌனத்தை எழுதத்தான் வேண்டும், எழுத்தும் எண்ணுமாக, யாருடையது என்ற விவரத்தோடு. தவறாக எழுதினால்கூட யாராவது கையை இறக்கி, ஏன் விட்டீர்கள் என்று கேட்க முடிகிறது. காலியிடத்தைப் பார்த்து நாற்பது ஆண்டுகளாக ஒருவரும் கேட்கவில்லை.

இப்படி உறுதியாகச் சொல்கிறேனே தவிர, சென்ற டிசம்பரில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏறிப் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆல்டோவில் இப்போது ஏழு பேர், எல்லாரும் என் தாளைப் பார்த்துப் பாடுகிறவர்கள். 11ஆவது பாரில் ஒரு செமிபிரீவ், நாலு தட்டு, சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஏழு பேரும் மூன்று தட்டு இழுத்து நாலாவதில் மூச்சு விட்டார்கள். அடுத்த பாரில் வரி மேலே ஏறுகிறது, மூச்சு இல்லாமல் ஏற முடியாது. மாஸ்டர் கையை இறக்கவில்லை. கேட்டாரா, கேட்டும் விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். அந்த வரிக்கு மேலே, மென்பொருள் படிக்காமல் தாண்டிப் போகும்படி சதவீதக் குறி போட்டு, பழைய ஈ2ஐயும் புள்ளியையும் ஆர்4ஐயும் விட்டுவைத்திருக்கிறேன். பக்கத்தில், மங்கல் கோடு, ஒரு பிரதியில் மட்டும் என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: அக்கா இல்லாத ஆண்டு, மூன்று தட்டு. சேமித்துவிட்டு, 12ஆவது பாரின் முதல் ஜிக்குப் பக்கத்தில் 4 இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன். இருந்தது.